கூட்டுப் பட்டம்: சான்றிதழில் கையெழுத்து யாருடையது?

2025 ஜூன் 8 | பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டது

என் மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். 72 சதவீதம். ஒரு கன்சல்டன்சியில் எம்.எஸ்சி. படிப்பு சொல்கிறார்கள். ஓராண்டு இங்கேயே, ஓராண்டு வெளிநாட்டில், முடிவில் இரண்டு பட்டமாம். மொத்தம் 24 லட்சம். ஜூன் 30க்குள் 2 லட்சம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

பணம் கட்டாதீர்கள் அண்ணாச்சி. முதலில் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும்? இங்கே படிக்கும் ஓராண்டு எந்தக் கல்லூரியின் பதிவேட்டில் மகளின் பெயர் இருக்கும்? இரு நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல் எங்கே? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜூன் 9

நேற்று சுருக்கமாக எழுதிவிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி அலுவலகத்தில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கையில் புரண்ட வாழ்க்கை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம், ட்வின்னிங் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. விளம்பரத் தட்டிகளில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்ட ஒழுங்குமுறையில் மூன்றும் தனித்தனி. ட்வின்னிங் என்றால் பட்டம் தருவது இந்தியக் கல்வி நிறுவனம் மட்டும்தான். வெளிநாட்டில் போய் ஈட்டும் கிரெடிட், அதாவது படித்து முடித்த பாடங்களுக்குத் தரும் அலகு, மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் ஒரே சான்றிதழ்தான், அதில் இரு நிறுவனங்களின் இலச்சினையும் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட் ஈட்டியிருக்க வேண்டும். இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே சான்றிதழ் தரும். அதிலும் இந்திய நிறுவனத்தில் 30 சதவீதமாவது படித்திருக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கிவிட முடியாது. இந்தியத் தரப்பில், கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 3.01க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூறுக்குள் வர வேண்டும், அல்லது சிறப்புநிலைக் கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் க்யூ.எஸ். அல்லது டைம்ஸ் என்ற உலகத் தரவரிசைகளில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். இரு பக்கமும் பொருந்தினால் மானியக் குழுவின் முன் அனுமதி இல்லாமலே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இப்படிப் பெறும் பட்டத்துக்கு, இது இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்று சொல்லும் இணைச் சான்றைத் தனியாக வாங்க வேண்டியதும் இல்லை.

இந்த ஒழுங்குமுறை தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் பொருந்தாது. கிளைக்கடை போல ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பாடம் நடத்துவதற்கும் இடமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையவழிப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்பவர்களைப் பற்றி 2023 டிசம்பரில் மானியக் குழுவே பொது எச்சரிக்கை விட்டது. அண்ணாச்சி சொல்லும் இடம் கல்லூரி அல்ல, கன்சல்டன்சி. அவர்கள் பதிவேட்டில் மாணவியாக யாரையும் சேர்க்க முடியாது. "இங்கேயே ஓராண்டு" என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம்.

ஜூன் 11

தென்காசி நண்பர் ஒருவர், "ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று மானியக் குழுதானே சொன்னது, பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நேற்று முன்தினமே நான் விளக்கியிருக்க வேண்டும்.

அது வேறு. 2022 ஏப்ரலில் வந்த அந்த அறிவிப்பு, ஒரு மாணவர் காலையில் பி.காம்., மாலையில் பி.ஏ. என்று இரண்டு வெவ்வேறு படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்க அனுமதி தந்தது. அடுத்த மாதமே வந்த ஒழுங்குமுறையில் உள்ள இரட்டைப் பட்டமோ ஒரே பாடத்தில், ஒரே படிப்புக்கு, இரண்டு நிறுவனங்கள் தருவது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் மக்கள் கலந்துவிட்டார்கள், விளம்பரம் செய்பவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா படித்ததும் நான் படித்ததும் என் மகள் படித்ததும் ஒரே கல்லூரி. ஒரே மாடிப்படி, ஒரே வேப்பமரம். அப்பாவின் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. என்னுடையதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மகளுடையதில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் வந்தது, 1990இல் அபிஷேகப்பட்டியில் நம்முடையது வந்தது. கல்லூரி இடம் மாறவில்லை, கையெழுத்துப் போடும் ஊர் மட்டும் சென்னையிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து அபிஷேகப்பட்டிக்கும் நகர்ந்து வந்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர்ப் பிள்ளை வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. அங்கே படிவத்தில் "உங்களுக்குப் பட்டம் தந்த நிறுவனம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை கல்லூரிப் பெயரை எழுதும். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் இன்னும் குழப்பம்: தேர்வு நடத்துவதும் மதிப்பெண் பட்டியல் தருவதும் கல்லூரி, பட்டம் தருவது பல்கலைக்கழகம். தன்னாட்சி என்றால் என்ன, இணைவு பெற்ற கல்லூரி என்றால் என்ன என்று அங்கே இருக்கும் அலுவலருக்கு யார் சொல்வது? மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர் என்று பார்த்தவுடன் அவர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வர இங்கே மூன்று வாரம் ஆகிறது.

யோசித்துப் பார்த்தால் நம் தன்னாட்சிக் கல்லூரியில் படித்த ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறுவனங்களின் கையெழுத்து உள்ள காகிதம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நிறுவனம் பாடம் நடத்தும், இன்னொன்று பட்டம் தரும், இரண்டுக்கும் நடுவில் நம்பிக்கை ஓடும். கூட்டுப் பட்டம் என்ற கருத்து நமக்குப் புதிதல்ல. அந்த நம்பிக்கையை நாடு தாண்டி நீட்டுவதற்கு ஐரோப்பாவில் ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் போட்டார்கள். பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள 1997இல் லிஸ்பனில் ஓர் உடன்படிக்கை, 1999இல் போலோன்யா பிரகடனம், கூட்டுப் பட்டங்களை எப்படி ஏற்பது என்று 2004இல் தனியாக ஒரு பரிந்துரை. அத்தனைக்குப் பிறகும் சில நாடுகளின் சட்டம் இடம் தராமல், ஒரே சான்றிதழுக்குப் பதில் இரண்டு மூன்று சான்றிதழ் கொடுத்துச் சமாளித்த படிப்புகள் உண்டு.

ஜூன் 16

அண்ணாச்சி இன்று எழுதியிருக்கிறார். ஒப்பந்த நகல் கேட்டாராம். "அதெல்லாம் ரகசிய ஆவணம்" என்றார்களாம். மாணவியின் பெயரில் பணம் வாங்கும்போது இல்லாத ரகசியம் காகிதம் கேட்கும்போது வருகிறது. போதும், அந்தப் படியை இனி மிதிக்காதீர்கள்.

ஜூன் 22

"வேண்டாம் என்று மட்டும் சொல்கிறீர்களே, வேறு வழி என்ன?" என்று வள்ளியூரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். என் தங்கை மகளின் கதையைச் சொல்கிறேன். அவள் இப்போது பெல்ஜியத்தில் கடல் உயிரியல் தொடர்பான முதுகலை படிக்கிறாள். வீட்டுப் பத்திரம் எங்கும் போகவில்லை.

எராஸ்மஸ் முண்டுஸ் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய மாணவர்கள் நாடு விட்டு நாடு போய் ஒரு பருவம் படிப்பதற்காக 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. உலக மாணவர்களுக்கும் கதவு திறந்தது 2004இல். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு முதுகலைப் படிப்பை நடத்தும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, கைக்கு மாதம் 1400 யூரோ வரும். விமானச் செலவு, விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள். வயது வரம்பு கிடையாது. எத்தனை படிப்புகளுக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கடைசி நாள் வரும். போட்டி கடுமைதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தியாவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நிறையப் பேர் பெறுகிறார்கள். நம் ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட குடும்பம் எத்தனை? கமிஷன் இல்லாத படிப்பைப் பற்றி எந்தக் கன்சல்டன்சி நமக்குச் சொல்லும்?

அவள் விலங்கியல் முடித்தது 2023இல். அந்த டிசம்பரில் விண்ணப்பத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளம் வந்தது. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே வெள்ளம். தங்கை வீடு மீனாட்சிபுரத்தில் ஆற்றை ஒட்டியது. தாமிரபரணி வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. இரவில் ஆட்களை மாடிக்கு ஏற்றினார்கள், பீரோவின் அடித்தட்டை யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் சேற்றில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் அழவில்லை. கொடியில் துணி போல ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். என் தங்கைதான் அழுதாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு சின்ன விஷயம். நவம்பரிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்திருந்தாள். விண்ணப்பத்துக்கு அந்த நகல்களே போதும். ஜனவரியில் அனுப்பினாள், வசந்தத்தில் முடிவு வந்தது. அசல் கேட்கும் கட்டத்துக்குள் நகல் சான்றிதழ்கள் வாங்க மூன்று மாதம் நாயாய் அலைந்தோம். இதைப் படிக்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் இன்று இரவே உங்கள் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஜூன் 24

பெயர் விஷயம் விட்டுப்போயிற்று. அதுவும் முக்கியம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பட்டத்தில் பின்னால், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், விசா அலுவலருக்குத் தெரியாது. தங்கை மகள் இதற்காகப் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினாள். அங்கே போன பிறகும் பேராசிரியர்கள் வருகைப் பதிவில் என் மைத்துனர் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்களாம். "எங்கள் அப்பா என்னோடு வகுப்புக்கு வருகிறார் மாமா" என்று சிரித்தாள். மைத்துனர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்கு ஓட வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பட்டத்தில் உள்ளபடி பெயரை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். விசாவுக்கு அவள் சென்னைக்குத்தான் போனாள். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் எழும்பூரில் முகம் கழுவிக்கொண்டு.

ஜூலை 3

மருத்துவப் படிப்பை இதில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்க்கவே கூடாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம், முழுவதும் ஒரே நிறுவனத்தில். பாதி இங்கே, பாதி அங்கே என்பதற்கு வழியே இல்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது திரும்பி வந்த பிள்ளைகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். வேறு நாட்டில் படிப்பைத் தொடரும் ஏற்பாட்டுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் ஆணையம் சம்மதித்தது. அப்போதும் பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மறுபடியும் அதே கேள்விதான்: கையெழுத்து யாருடையது? எங்கள் தெருவில் ஒரு தம்பி கார்கிவிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே எல்லை வரைக்கும் வந்தவன். மருத்துவக் கல்வி பற்றி யாராவது "கூட்டு" என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அவன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஜூலை 13

அண்ணாச்சி மகளோடு நேற்று வந்திருந்தார். தெளிவான பெண். ஜெர்மனி பற்றி நிறையக் கேட்டாள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்று வாங்க வேண்டும். சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்த்துத் தருவது அது. 2022 நவம்பர் முதல் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய்.

மதிப்பெண்ணை அங்கே 1 முதல் 4 வரை மாற்றுகிறார்கள். 1 உயர்ந்தது, 4 தேர்ச்சி. பவேரியன் சூத்திரம் என்று பெயர். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 72க்குப் போட்டுப் பார்த்தேன்: 28ஐ 50ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.68, ஒன்றைக் கூட்டினால் 2.68. பல படிப்புகள் 2.5க்குள் கேட்கின்றன. எனவே ஜெர்மனியில் வாய்ப்புக் குறைவு என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 14, விடியற்காலை

தவறு செய்துவிட்டேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து நினைவுக்கு வந்தது. தேர்ச்சி மதிப்பெண் 50 என்பது நம்மிடம் முதுகலைக்கு. இளங்கலைக்கு 40. அவள் பி.எஸ்சி. என்பதால் இடைவெளி 60. 28ஐ 60ஆல் வகுத்துப் பெருக்கிக் கூட்டினால் 2.4 வருகிறது. வரம்புக்கு உள்ளே!

விடிந்ததும் அண்ணாச்சியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் நேற்று இரவு சாப்பிடவில்லையாம். ஒரு எண்ணைக் கவனிக்காமல் ஒரு பிள்ளையின் கதவை நானே சாத்தப் பார்த்தேன். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியில் தனிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் அங்கே இருப்பவரும் என்னைப் போலவே 50 என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிரெடிட் கணக்கும் இதே போலத்தான். நம் மூன்றாண்டு இளங்கலையில் 140 கிரெடிட், ஐரோப்பாவில் மூன்றாண்டுக்கு 180. நம்முடையது குறைவு என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அளவுகோல் வேறு. ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60, அவ்வளவுதான். ஆனால் 210 கேட்கும் முதுகலைகளும் உண்டு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் 16 ஆண்டுக் கல்வி கேட்கும். நம் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்து 15தான். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 10

பணம். இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்க முடியாது.

ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்றவுடன் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். மாதம் 992 யூரோ என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். செலவாகும் பணம்தான், ஆனால் முதல் நாளிலேயே மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும். கனடா 2024 ஜனவரியில் தன் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1600க்கும், இந்த ஜூலையில் 2000க்கும் கொண்டுபோய்விட்டது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது.

வங்கிக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பிணை கேட்பார்கள். அங்கேதான் வீட்டுப் பத்திரம் வருகிறது. படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் தவணை இல்லை என்பார்கள். வட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாக வந்த பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டம் உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான், வெளிநாட்டுக்கு அல்ல. சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், இந்த 2025-26 நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 5 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனாக அனுப்பினால் இந்த ஏப்ரலிலிருந்து அந்தப் பிடித்தமும் இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு இது தெரியாமலே போய், மகனுக்காகத் தோட்டத்தை விற்றார். அந்தத் தோட்டத்து மாங்காய் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 31

ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள், உங்களுக்கு என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். இன்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் அலுவலகத்தில் இருந்தபோது, களக்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆறு பருவத்துக்கும் பாடத்திட்டத்தின் சான்றொப்பமிட்ட நகல் வேண்டும் என்றான். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் கேட்கிறதாம். எங்களிடம் அந்த ஆண்டுப் பாடத்திட்டப் புத்தகம் ஒரே ஒரு பிரதி, அதுவும் துறைத் தலைவர் அறையில். அவர் விடுப்பில். நாளை வா என்றேன். வந்தான். முதல்வர் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமை வா என்றேன். வந்தான். முத்திரை போடுபவர் இல்லை, மறுநாள் வா என்றேன். மூன்று முறையும் களக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவன், நான்காம் முறை வரவில்லை. கடைசி நாள் முடிந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. விதிப்படிதான் நடந்தேன். அந்தப் பையன் கோபப்பட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். மதிப்பெண் இருந்தது, இடம் தயாராக இருந்தது, ஒரு முத்திரைக்காக நின்றுபோனான். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று நம் பாளையங்கோட்டையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஒரு பாடத்திட்ட நகலை ஒரே நாளில் கொடுக்கும் அலுவலகம் நம்மிடம் எத்தனை இருக்கிறது?

இப்போது சில கல்லூரிகள் பாடத்திட்டத்தை இணையத்தில் போடுகின்றன, மகிழ்ச்சி. ஆனால் பிள்ளை படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுகிறார்கள். பழையதையும் விட்டுவையுங்கள் என்று கல்லூரிகளில் இருக்கும் நண்பர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 5

தங்கை மகள் பெல்ஜியத்தை விட்டுப் போர்ச்சுகலுக்கு மாறிவிட்டாள். படிப்பின் இரண்டாம் ஆண்டு அங்கே. மறுபடியும் புதிய வீடு, புதிய மொழி, குடியேற்ற அலுவலகத்தில் புதிய வரிசை. இரண்டு நாடு என்பது படிவத்தில் ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கு அது வாடகை முன்பணம் இரண்டு முறை, தனிமை இரண்டு முறை. நேற்று தொலைபேசியில் குரல் இறங்கியிருந்தது. இதையும் சொல்லாமல் படிப்பின் பெருமையை மட்டும் நான் எழுதினால் அது பொய்.

நான் முன்பு எழுதியதில் இன்னொன்றைத் திருத்த வேண்டும். கூட்டுப் பட்டம் என்றால் ஒரே சான்றிதழ், வேலை சுலபம் என்ற தொனி அதில் இருந்தது. அவளுடைய சீனியர்கள் சொன்னார்களாம், எல்லாப் பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போட்டு அசல் கைக்கு வரப் பல மாதம் ஆகிறதாம். அதுவரை தற்காலிகச் சான்றுதான். இங்கே திரும்பி வந்து பேராசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ போக நினைப்பவர்கள் இந்தக் காலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இணைச் சான்று பற்றியும் ஒரு சொல். இந்திய நிறுவனம் பங்கெடுக்கும் கூட்டுப் பட்டத்துக்கு அது வேண்டாம் என்று ஜூனில் எழுதினேன், அது சரி. அவளுடையது முழுக்க வெளிநாட்டுப் பட்டம். அதற்கு வேண்டும். முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் கொடுத்து வந்தது. இந்த ஆண்டு ஏப்ரலில் வந்த விதிகளின்படி மானியக் குழுவே தருகிறது. கிளைக்கடை முறையில் வாங்கிய பட்டத்துக்கு அங்கேயும் இடமில்லை.

நவம்பர் 16

ஜூனில் பணம் கேட்ட அந்தக் கன்சல்டன்சி இருந்த மாடியில் இப்போது ஜவுளிக் குடோன். பலகை இல்லை. முன்பணம் கட்டிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒருவர் முக்கூடலில் பீடி சுற்றிச் சேர்த்த பணம் அது. காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் எழுதியிருக்கிறது, படிப்பு என்ற சொல்லே இல்லை. ரசீதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்று நான் ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

2026 ஜனவரி 4

அண்ணாச்சி மகள் மூன்று எராஸ்மஸ் படிப்புகளுக்கும், ஜெர்மனியில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறாள். ஜெர்மன் மொழிக்குத் திருவனந்தபுரம் கோதே மையத்தில் சேர்ந்திருக்கிறாள். நேற்று கோப்பை என் திண்ணையில் விரித்துச் சரிபார்த்தோம். தேர்ச்சி மதிப்பெண் 40 என்று கல்லூரிக் கடிதம் இருக்கிறது. பெயருக்கான பிரமாணப் பத்திரம் இருக்கிறது. இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் இருக்கிறது. பாடத்திட்ட நகலில் நான்காம் பருவத்தின் ஒரு பக்கம் மட்டும் குறைகிறது.

முதல் கடைசி நாள் 15. நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் திறக்கும்போது அவளோடு நானும் வாசலில் நிற்பேன்.